நடை மீண்ட சிறுவன்: நாம் கற்க வேண்டிய பாடம்

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில், நியூயார்க் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்ட விருத்தாந்தம் நம் சிந்தைக்குரியது. கால்கள் விறைத்து நடை குன்றிவந்த 8 வயதுச் சிறுவன் ஒருவன், ஓர் எளிய ரசாயன வஸ்துவை உட்கொண்டு, இரண்டு மாதங்களில் நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் வல்லவனானான். இது மந்திரமன்று, பல்லாண்டு ஆராய்ச்சியின் பயன்.

நமது உயிரணுக்களுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள் உள்ளன. உணவிலிருந்து கிடைக்கும் எலெக்ட்ரான்களை அவற்றுள் ஒரு துறையிலிருந்து மறு துறைக்குப் பரிசல்போல ஏற்றிச் செல்வது கோஎன்ஸைம் கியூ-10. 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்து ஆராய்ச்சிச்சாலையில் பிரெடெரிக் கிரேன் மாட்டிருதயத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். அன்று எந்த நோயாளியையும் கருதி அவர் இதைத் தேடவில்லை. பரிசல் குறைந்தால் உலை அவியும். மிகுதியாகச் சக்தியை வேண்டும் மூளை வாடும்.

அப்படியானால் கியூ-10 மாத்திரையை விழுங்கினால் போதாதோ எனலாம். போதாது. அது பருத்த, கொழுப்பில் மட்டுமே கரையும் வஸ்து. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையேயுள்ள அரணை எளிதில் கடவாது. எச்.பி.டி.எல். என்னும் ஜீனின் பழுதால் குழந்தைகளுக்கு மூளை நோய் உண்டாவது 2020-ல் வெளியாயிற்று. கியூ-10ஐ ஆக்கும் வேலையில் அந்த ஜீனுக்குரிய பங்கு 2021-ல் புலனாயிற்று. பரிசல் கட்டும் பட்டறையில் ஒரு தொழிலாளி இல்லையெனில், அவன் செய்து தரும் சட்டத்தை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் வேலை நடக்குமன்றோ? அந்தச் சட்டமே 4-ஹைட்ராக்ஸி பென்ஸோயேட் என்னும் சிறிய வஸ்து. முதலில் சுண்டெலிகளிடம் பரீட்சித்தனர். இளமையிலேயே மாளவிருந்தவை பிழைத்து வளர்ந்தன. பின்னர் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் விசேஷ அநுமதியின் பேரில் அச்சிறுவனுக்கு அளித்தனர்.

ஆயினும் ஒரு சிறுவனின் அநுகூலம் பூரண நிரூபணம் ஆகாது. அளவென்ன, தீங்கென்ன, எவ்வயதில் தொடங்க வேண்டும் என்பனவெல்லாம் முறையான பரீட்சையால் நிர்ணயமாக வேண்டும். ஆதலால், இச்செய்தியைக் கேட்ட பெற்றோர் ஆவலின் மிகுதியால் ரசாயனக் கடையை நாடுவது பேராபத்தாகும்.

ஆனால் அப்பரீட்சையை யார் நடத்துவது? இந்நோயினர் மிகச் சிலர்; மருந்து வியாபாரிக்கு லாபமும் சொற்பம். லாபமில்லாத இடத்தில் வியாபாரம் வராது. சர்க்காரும் வராவிடில் அக்குழந்தைகளுக்குக் கதி ஏது? எண்ணிக்கையைக் கொண்டு உயிரின் மதிப்பை அளக்கும் தராசு நாகரிக சமூகத்திற்கு ஏற்றதன்று. மேலும், உடனடிப் பயன் யாதென்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சியின் மானியத்தை வெட்டுவோர் இதை நினைவிற்கொள்க: 1957-ல் மாட்டிருதயத்தை ஆராய்ந்திராவிடில், இன்று இச்சிறுவன் எழுந்து நடந்திருக்க மாட்டான். அரிய நோய்களின் ஆராய்ச்சிக்குப் பொதுப் பணத்தைத் தாராளமாக ஒதுக்குவது தருமமன்று, கடமை என்பதே நமது துணிபு.