தெர்மோகப்பிள் காட்டும் அளவு எவ்வளவு சரி?

வெவ்வேறு உலோகத்தாலான இரண்டு கம்பிகளின் முனைகளை ஒன்றாகப் பற்றவைத்து அந்த இடத்தைச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். 1821-இல் சீபெக் கண்டறிந்த இந்த விளைவில்தான் தெர்மோகப்பிள் இயங்குகிறது. தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் கே வகையில் குரோமெல், அலுமெல் என்னும் நிக்கல் கலவைக் கம்பிகள் இருக்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு அவை தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட் மட்டுமே.

இந்த மின்னழுத்தத்தை டிகிரியாக மாற்றிக் காட்டும் மீட்டரில் 182.4 என்று தசமத்தோடு எண் தெரிவதால் அளவும் அவ்வளவு துல்லியம் என்று ஆகிவிடாது. சாதாரணத் தரத்தில் வாங்கும் புதிய கே வகைக் கம்பிக்கே 2.2 டிகிரி அல்லது 0.75 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்குப் பிழை அனுமதிக்கப்படுகிறது. 1000 டிகிரி உலையில் அது 7.5 டிகிரி. மீட்டரின் பிழையும் இதோடு சேரும்.

தெர்மோகப்பிள் உணர்வது இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டைத்தான். அதனால் கம்பி மாட்டும் இடத்தின் வெப்பநிலையை மீட்டர் தானே அளந்து கூட்டிக்கொள்கிறது. ஏசி அறையிலிருந்து மீட்டரை உலைக்கு அருகே கொண்டுவந்த உடனே பார்த்தால் அந்தக் கணக்கு தவறும். சற்று நேரம் பொறுக்க வேண்டும்.

எளிய சோதனைக்குப் பனிக்கட்டி போதும். நொறுக்கிய பனிக்கட்டியில் அதன் இடைவெளி நிரம்பும் அளவுக்கு நீர் ஊற்றிக் கலக்கி, முனை பாத்திரத்தைத் தொடாமல் நடுவில் பிடித்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர் ஊரின் உயரத்தையும் பார்க்க வேண்டும்: சென்னையில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் இவை குறைந்த வெப்பநிலைக்கான சோதனைகள். 900 டிகிரியில் என்ன நிலை என்று இவை சொல்லா.

அளவுத்திருத்தம் கட்டாயம் தேவை. ஆனால் மீட்டருக்கு அது பயன்படும் அளவுக்குப் பழைய கம்பிக்குப் பயன்படாது. மின்னழுத்தம் பிறப்பது பற்றவைத்த முனையில் அல்ல, சூட்டிலிருந்து குளிருக்கு வரும் கம்பியின் நீளம் முழுவதிலும். ஆக்சிஜன் குறைந்த உலையில் சுமார் 800 டிகிரிக்கு மேல் குரோமெல்லில் உள்ள குரோமியம் மட்டும் ஆக்சைடாகி, கம்பி பச்சை படிந்து அரிக்கப்படும். அப்போது அளவு குறைவாகத் தெரியும்; அதை நம்பி உலையை மேலும் சூடாக்குவார்கள். இப்படிக் கெட்ட பகுதி அளவுத்திருத்தம் செய்யும் ஆய்வகத்தில் வேறு ஆழத்தில் அமைந்தால், அங்கு தரும் சான்றிதழில் பிழையே தெரியாமல் போகலாம். ஆகவே உலையிலேயே, அதே ஆழத்தில், புதிய தெர்மோகப்பிளைப் பக்கத்தில் நுழைத்து ஒப்பிடுவதுதான் சரியான வழி. வேறுபாடு தெரிந்தால் பழையதை மாற்றிவிடுவார்கள்.