உங்களுக்குத் தெரியுமா? “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்!”

◆ வில்லியனூரை அடுத்த இராமநாதபுரத்தில் (மாவட்டம் இல்லை, புதுச்சேரிக் கிராமம்) ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையம் இருக்கிறது. அங்கே சீட்டோடு காத்திருக்கும் ஒரு பெரியவரிடம் “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதில் வெறும் உபசாரப் பேச்சில்லை. கனடாவின் மானிடோபாவில் 65 வயது கடந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 1982-இல் வெளிவந்த ஆய்வில், பதிவேட்டில் நோய் இருந்தும் “நல்லா இருக்கேன்” என்றவர்களைவிட, நோயில்லாமலே “சரியில்லை” என்றவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். டாக்டர் எழுதியதைவிடத் தாத்தா சொன்னது பலித்திருக்கிறது!

◆ இருவருக்கும் ஒரே அளவு சர்க்கரைதான். ஒருவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்புவார். இன்னொருவர் “இனி அவ்வளவுதான்” என்று திண்ணையோடு ஒதுங்கிவிடுவார். நோய் வந்தால் மனம் சோரும். மனம் சோர்ந்தால் மாத்திரை மறக்கும், நோய் முற்றும். இதில் எது முதல் என்று பிரிப்பது கடினம். ஊர்ப்பக்கம் “மனசு சரியில்லை” என்று சீட்டு வாங்குவோர் குறைவு. “கை கால் அசதி”, “தூக்கமே வரல”, “நெஞ்சு படபடங்குது” என்றுதான் வருவார்கள்.

◆ ஆனால் முதியோரின் மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயன்படும் 15 கேள்விப் பட்டியலில் தூக்கத்தைப் பற்றியோ பசியைப் பற்றியோ ஒரு கேள்விகூட இல்லை. இருபது வயதில் தூக்கம் கெட்டால் அது ஒரு துப்பு. எழுபத்தைந்தில் அது மூட்டுவலியின் வேலையாகவும் இருக்கலாம். அதனால் அந்தப் பட்டியல், இனி வழியே இல்லை என்று தோன்றுகிறதா, மற்றவர்கள் நம்மைவிட மேலாக இருக்கிறார்களா என்றெல்லாம் நம்பிக்கையைத்தான் தொட்டுப் பார்க்கிறது.

◆ 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளானவர். ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு உண்டு, புதுச்சேரி இல்லை. 2022 முதல் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ என்ற மனநல உதவிச் சேவை இலவசமாகப் பேசுகிறது, தமிழிலும்.

◆ எந்த வயதிலும் நம்பிக்கை நல்லதா? ஐந்து வருடம் கழித்து வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கும் என்று ஜெர்மனியில் ஆண்டுதோறும் கேட்டார்கள். இளையவர்கள் கூட்டிச் சொன்னார்கள், நடுவயதினர் ஏறத்தாழச் சரியாகச் சொன்னார்கள், முதியவர்கள் குறைத்துச் சொன்னார்கள். அந்த முதியவர்களிலும் கூட்டிச் சொன்னவர்களுக்கே பிறகு உடல் முடக்கமும் இறப்பும் அதிகம் என்று 2013-இல் முடிவு வந்தது. “எப்ப என்ன ஆகுமோ” என்கிற பாட்டி, ஈரத்தரையில் பார்த்துத்தான் கால் வைப்பார் போலும்.

◆ இந்தியாவில் ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் “எனக்கு நோய்” என்று சொல்பவர்களும் அதிகம். பீகாரில் இரண்டுமே குறைவு. 2002-இல் அமர்த்திய சென் சுட்டிக்காட்டிய விசித்திரம் இது. படிப்பும் ஆஸ்பத்திரியும் உள்ள இடத்தில்தான் நோயை நோய் என்று கண்டுகொள்கிறார்கள். அந்தக் கணக்கில், புதுச்சேரியில் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகளை வைத்திருக்கும் பாகூர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக முனகினாலும் தப்பில்லை.