மேலேறும் சிறுநீரைப் பிடிப்பது எப்படி?

சிறுநீரகத்திலிருந்து இறங்கிச் சிறுநீர்ப்பைக்குள் வந்துவிட்ட சிறுநீர் மறுபடி மேலே ஏறுவதில்லை. விலங்குகளின் சிறுநீர்க்குழாய்களைக் கட்டிப்போட்டுச் சோதித்து, இதை 2ஆம் நூற்றாண்டிலேயே காட்டியவர் கிரேக்க மருத்துவர் கேலன். குழாய் பையைச் சேரும் இடத்தில் தனியாக ஒரு கதவு கிடையாது. குழாய் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து, உட்சவ்வுக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓடிய பிறகே திறக்கிறது. பை நிரம்ப நிரம்ப, அந்த அழுத்தமே குழாயை நசுக்கி அடைத்துவிடுகிறது.

சில குழந்தைகளுக்கு இந்தச் சாய்வுப் பாதை பிறவியிலேயே குட்டையாக அமைந்துவிடும். சிறுநீர் பின்னோக்கிப் பாயும். கிருமி இருந்தால் அதுவும் கூடவே ஏறும். சிறுநீரகத்தில் தழும்பு விழ இது ஒரு வழி. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது.

பின்னோட்டம் எப்போதும் நடந்துகொண்டிருப்பதில்லை; வரும், போகும். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சிறுநீரகம் வீங்கியிருந்தால் காட்டும், ஓட்டத்தைக் காட்டாது. ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்த குழந்தைக்கும் பின்னோட்டம் இருக்கலாம்.

அதனால்தான் எம்.சி.யு. என்ற எக்ஸ்ரே சோதனை. மெல்லிய டியூப் வழியாகப் பைக்குள் சாயம் ஏற்றி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது படமெடுப்பார்கள். சாயம் எதுவரை ஏறுகிறது, குழாய் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். ஆண் குழந்தையின் சிறுநீர்ப் பாதையில் பிறவி அடைப்பு இருந்தால் அதுவும் தெரியும். ஆனால் கதிர்வீச்சைக் குறைக்க எக்ஸ்ரேயை விட்டுவிட்டுத்தான் போட முடியும். இடைப்பட்ட நொடியில் நடந்த பின்னோட்டம் தப்பிவிடும்.

கதிரியக்க ஸ்கேனில் அந்த இடைவெளியே இல்லை. பைக்குள் விடும் டெக்னீசியம் தானே கதிரை உமிழ்கிறது; கேமரா வெறுமனே வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதனால் கதிர்வீச்சு கூடுவதில்லை. சிறிய பின்னோட்டமும் சிக்கும். படம் மட்டும் மங்கல். தரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது முறை. ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறிய வாயுக் குமிழிகளைப் பைக்குள் செலுத்தி, அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள். ஒலி படும்போது குமிழி விரிந்து சுருங்கி அதிர்கிறது, அந்த அதிர்வு திரையில் வெண்மையாகத் துலங்குகிறது. சிறுநீரகத்துக்குள் வெண்மை தெரிந்தால் பின்னோட்டம் உறுதி. கதிர்வீச்சு துளியும் இல்லை. அமெரிக்கா இதைக் குழந்தைகளுக்கு 2016இல் அனுமதித்தது. பழகிய கையும் உரிய கருவியும் உள்ள இடத்தில், திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டிய குழந்தைக்கு இதுவே நல்லது என்பேன்.

மூன்றுக்கும் டியூப் போட வேண்டும் என்பதுதான் வருத்தம். குழந்தைக்கு அந்த வலியும் பயமும் சின்ன விஷயமல்ல. நரம்பில் ஊசி போட்டுச் செய்யும் ஸ்கேன் ஒன்று உண்டு. ஆனால் சொன்னபோது சிறுநீர் கழிக்கத் தெரிந்த குழந்தைக்கே அது பயன்படும், பை நிரம்பும்போது நடக்கும் பின்னோட்டமும் அதில் தெரியாது.

லேசான பின்னோட்டம் பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகிவிடும். முதல் தொற்றுக்கே எல்லாக் குழந்தைக்கும் எம்.சி.யு. வேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011இல் சொன்னதும் இதையெல்லாம் எண்ணித்தான்.

பெற்றோர் செய்ய வேண்டியது அதற்கு முந்தைய படி. சளி, இருமல் எதுவுமில்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.