காகிதத்தில் விளைந்த தானியம்

சீனாவில் 1959 முதல் 1961 வரை நீடித்த பெரும் பஞ்சம் வயலில் தொடங்கவில்லை.

1957. குறைகளைச் சொல்லுங்கள் என்று ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி அழைத்தது. சொன்னவர்களை அதே ஆண்டில் ‘வலதுசாரிகள்’ என்றது. சுமார் 5.5 லட்சம் பேர் அப்பட்டியலில் சேர்ந்தனர். பலர் வேலை இழந்தனர். பலர் உழைப்பு முகாம்களுக்குச் சென்றனர்.

1958 ஜனவரி. ஹுகோவ் சட்டம் வந்தது. யார் எங்கே வாழலாம் என்பதை அரசே தீர்மானிக்கும் குடும்பப் பதிவு முறை அது. விவசாயி அனுமதியின்றி நகரத்தில் குடியேற முடியாமல் போனது.

1958 ஆகஸ்ட். நிலமும் மாடும் கலப்பையும் கம்யூன் எனும் கூட்டுப் பண்ணைக்குப் போயின. வீட்டுச் சமையல் நின்றது. பல ஊர்களில் இரும்புச் சட்டிகளை உருக்கிவிட்டார்கள். பொதுச் சமையற்கூடத்தில் சோறு மறுக்கப்பட்டவருக்கு வேறு அடுப்பு இல்லை.

அந்த ஆண்டின் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அரசு அறிவித்தது. உண்மையில் விளைந்தது சுமார் 20 கோடி டன். கொள்முதல் இலக்கு அறிவித்த கணக்கை ஒட்டி நிர்ணயிக்கப்பட்டது.

1959 ஜூலை. பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் நிலைமையை விளக்கிக் கட்சித் தலைவர் மாவோவுக்குக் கடிதம் எழுதினார். பதவி பறிபோனது. அதன்பின், தானியம் இல்லை என்று சொல்லும் அதிகாரி கட்சியின் எதிரி ஆனார். அவ்வாண்டு விளைச்சல் 17 கோடி டன்னாகக் குறைந்தது. அரசு சுமார் 6.7 கோடி டன்னை எடுத்துக்கொண்டது. 40 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது.

ஹெனான் மாகாணத்தின் சின்யாங் வட்டாரத்தில் கொள்முதல் இலக்கு எட்டப்படவில்லை. விவசாயிகள் பதுக்கிவிட்டார்கள் என்றனர் அதிகாரிகள். வீடுகளைச் சோதித்தார்கள்; அடித்தார்கள். ஊரை விட்டு வெளியேறும் வழிகளில் காவல் போட்டார்கள். உதவி கேட்டு எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களை அஞ்சலகம் நிறுத்திவைத்தது. அரசுக் கிடங்குகளில் தானியம் இருந்தது. அவ்வட்டாரத்தில் வாழ்ந்த சுமார் 80 லட்சம் பேரில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தனர்.

சீன அரசின் சொந்தப் புள்ளிவிவரப்படி, 1957இல் ஆயிரம் பேருக்கு 10.8 ஆக இருந்த இறப்பு விகிதம் 1960இல் 25.4 ஆனது. பஞ்சத்தில் இறந்தவர்கள் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

தந்தையை அப்பஞ்சத்தில் இழந்த யாங் ஜிஷெங், அரசுச் செய்தி நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். மாகாண ஆவணங்களைத் தேடித் தொகுத்து அவர் எழுதிய நூல் 2008இல் ஹாங்காங்கில் வெளிவந்தது. சீனப் பெருநிலத்தில் அந்நூலுக்குத் தடை.