நீலக் குழந்தையும் கற்பிட்டிக் கிணறும்

கற்பிட்டிக் குடாநாட்டில் கிணறு தோண்டுவது பெரிய வேலையே இல்லை. மணலைச் சில அடி அள்ளினால் தண்ணீர் வந்துவிடும், அதுவும் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. இடையில் மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் கிடக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளைப் பக்கம் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைவது இந்தத் தண்ணீரை நம்பித்தான்.

ஆனால் மணல் எதையும் பிடித்து வைக்காது. போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் நீரோடு நிலத்தடிக்கே போய்ச் சேரும். அந்தக் கிணற்றிலிருந்துதான் மறுபடியும் இறைப்பு. கற்பிட்டி நிலத்தடி நீரை விவசாயம் என்ன செய்கிறது என்று பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1980களிலேயே ஆராய்ந்தது. குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு என்பதை அதன்பின் வந்த ஆய்வுகளும் காட்டின. இரசாயனப் பசளையை விட்டுக் கோழி எருவுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. எருவில் இருப்பதும் நைதரசன்தான். மணலில் அதற்கும் அதே பாதைதான்.

வளர்ந்தவர்களுக்கு இதனால் உடனடி ஆபத்து அதிகமில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் கதை வேறு. அதன் இரைப்பையில் அமிலம் குறைவு. அதனால் பற்றீரியாக்கள் அங்கே தங்கி நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்று இரத்தத்தில் சேர்ந்ததும் ஈமோகுளோபினில் உள்ள இரும்பின் ஒரு இலத்திரனைப் பறித்துவிடும். அப்படி மாறியது மெதீமோகுளோபின். அதனால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது; பக்கத்தில் இருக்கும் நல்ல ஈமோகுளோபினும் தான் சுமந்த ஒட்சிசனை இழையங்களுக்கு இறக்கிவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பறிபோன இலத்திரனைத் திருப்பிக் கொடுக்கும் நொதியம் எல்லோர் உடலிலும் உண்டு, ஆனால் பச்சைக் குழந்தையிடம் அது பெரியவர்களில் ஏறத்தாழப் பாதியளவே வேலை செய்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் பால் கரைத்துக் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததை 1945இல் ஹன்ட்டர் கொம்லி என்ற மருத்துவர் எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது.

இனி வைத்தியசாலை விடுதிக்கு வருவோம். உதடும் நகமும் நீலமாக ஒரு குழந்தை வருகிறது. தாதி ஒட்சிசன் முகமூடியை வைக்கிறார், விரலில் பல்ஸ் ஒக்சிமீற்றரை மாட்டுகிறார். 86, 85 என்று காட்டுகிறது. ஒட்சிசனைக் கூட்டினாலும் எண் அசையவில்லை, நிறமும் மாறவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் நுரையீரல் சுத்தம். அந்தக் கருவி சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை விரலுக்குள் அனுப்பி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. மெதீமோகுளோபின் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் உறிஞ்சுவதால், அது கூடக் கூடக் கருவியின் கணக்கு 85 பக்கம் வந்து நின்றுவிடும். உண்மை நிலை அதைவிட மோசமாக இருக்கலாம். இரத்த வாயுப் பரிசோதனையும் ஏமாற்றும்: கரைந்த ஒட்சிசன் சரியாகத்தான் இருக்கும், அதை வைத்துச் செறிவைக் கணிக்கும் இயந்திரம் எல்லாம் நலம் என்று அச்சடித்துத் தரும். மெதீமோகுளோபினை நேரடியாக அளக்கும் கோ-ஒக்சிமீற்றர் எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை.

அங்கேதான் தாதியின் கண் வேலை செய்ய வேண்டும். எடுத்த இரத்தத்தில் ஒரு துளியை வெள்ளை வடிதாளில் விட்டுப் பார்க்கலாம். ஒட்சிசன் குறைந்த சாதாரண இரத்தம் காற்றுப் பட்டதும் சிவக்கும். இது கருப்பட்டிப் பாகு நிறத்திலேயே கிடக்கும். செலவில்லாத சோதனை. வடமத்திய மாகாணத்து வைத்தியசாலைகளுக்கு இந்த நிறம் புதிதல்ல. புரோபனில் என்ற களைநாசினி உடலுக்குள் போனவர்களின் இரத்தமும் இப்படித்தான் மாறும்.

குழம்ப இன்னொரு இடமும் உண்டு. கடும் வயிற்றோட்டத்தில் குழந்தையின் உடலிலிருந்து இருகாபனேற்று மலத்தோடு போய்விடும், இரத்தத்தில் அமிலம் ஏறும். அதைச் சமாளிக்க நுரையீரல் காபனீரொட்சைட்டை வேகமாக வெளியே தள்ளும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்செடுத்தால், நாம் முதலில் நினைப்பது நியுமோனியாவைத்தான். அழற்சியுற்ற குடலே நைத்திரைற்றைப் பெருக்குவதாலும், இலத்திரனைத் திருப்பிக் கொடுக்கும் அந்த நொதியம் அமிலத்தில் இன்னும் தளர்வதாலும், கிணற்று நீர் வாயில் படாத குழந்தைக்குக்கூட வயிற்றோட்டத்தால் மெதீமோகுளோபின் ஏறலாம். ஆகவே மூச்சை முழு நிமிடம் எண்ணுவதும், அது ஆழமான மூச்சா, விலா உள்வாங்கும் மூச்சா என்று பார்த்து எழுதுவதும் சடங்கல்ல. நுரையீரல் நோயையும் அமில ஏற்றத்தையும் பிரித்துக் காட்டும் முதல் தடயம் அது.

மெதீமோகுளோபினைக் குறைக்கும் மருந்து, வேடிக்கையாக, நீல நிறத்தில்தான் இருக்கிறது. மெதிலீன் நீலம், உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நாளம் வழியே மெதுவாக. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உதடு சிவக்கும். பிறகு சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். தாயிடம் முன்பே சொல்லி வைக்காவிட்டால் அலறிவிடுவாள். ஆனால் ஜீ6பீடீ என்ற நொதியம் குறைந்த குழந்தைக்கு இதே மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டிய நிலங்களில் இந்தக் குறைபாடு கூடுதல். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டாலும் பரம்பரை அலகு அவ்வளவு சீக்கிரம் மாறாது. குடும்பத்தில் யாருக்காவது மருந்து குடித்து மஞ்சள் காமாலையோ கறுத்த சிறுநீரோ வந்ததா என்று ஊசி ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டும்.

கிணறுகள் இப்படி இருந்தும் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுவதற்கு மருத்துவமாதுகளுக்குத்தான் முதல் நன்றி சொல்வேன். தாய் குடிக்கும் நைத்திரேற்று தாய்ப்பாலில் பெரிதாகச் சேர்வதில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. வீடு வீடாகப் போய் அதை வலியுறுத்துபவர்கள் அவர்கள்.

மீதிக் குழந்தைகளின் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பால்மாவ எந்தத் தண்ணியில கரைச்சிங்க?" உம்மம்மா ஒருவர் பெருமையாகவே பதில் சொல்லக்கூடும், "கிணத்துத் தண்ணிதான், நல்லாக் கொதிக்க வச்சித்தான்" என்று. கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மிச்ச நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். துணி வடியிலும் கரி வடியிலும் அது நிற்காது. சோதித்துப் பார்த்த குழாய் நீர், அல்லது ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீர்தான் அந்தப் போத்தலுக்கு உகந்தது.