உஷார்! செல்போன் உங்கள் காலை அளக்கிறது

போனைக் காலைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுபோனால் போதும், வீக்கத்தின் பருமன் மில்லி கணக்கில் திரையில் வந்துவிடும். யானைக்கால் நோய் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கடலூர் மாவட்டம் இது. அந்த நோய்க்கான டி.இ.சி. மாத்திரையை ஊருக்கே கொடுக்கும் முன்னோடித் திட்டம் 1996இல் இங்கேதான் நடந்தது. கிருமி குறைந்தது சரி, பல வருஷம் ஊறிப்போன வீக்கம் மாத்திரையால் வடியாதே! போதாக்குறைக்கு, மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கித் தவிக்கும் பெண்கள் வேறு. இவர்களுக்கெல்லாம் போனில் எடுக்கும் இந்த முப்பரிமாண ஸ்கேன் நல்ல விஷயம்தான். ஆனால் விருத்தாசலத்துக்காரர்களே, அந்த எண்ணை நம்பும் முன் உஷார்!

கருவியே பொய் என்று சொல்லவில்லை. இலங்கையின் காலிப் பகுதியில் யானைக்கால் நோயாளிகளின் கால்களைக் கையடக்க அகச்சிவப்பு சென்சாரால் அளந்து, காலைத் தண்ணீரில் அமிழ்த்தி, வழியும் தண்ணீரை அளக்கும் முறையோடு ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. ஆனால் அது பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே செய்த மென்பொருளை வைத்து அளந்தது. நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது வேறு.

கணக்கைப் பாருங்கள். 36 சென்டிமீட்டர் சுற்றளவு, 40 சென்டிமீட்டர் நீளம் உள்ள கால். போன் காட்டும் தோல் பரப்பு வெறும் 1.6 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போனால் பருமன் சுமார் 230 மில்லி கூடிவிடும். கை வீக்கத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் பார்க்கும் வித்தியாசமே பல ஆய்வுகளில் 200 மில்லிதான்! நம் விருத்தாசலம் செராமிக் பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூளையில் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்துத்தானே அச்சையே செய்கிறார்கள்? நிற்பவர் லேசாக ஆடினாலும், முழங்கால் மடிப்பு நிழலில் விழுந்தாலும், விட்டுப்போன இடத்தை ஆப் தானே ஊகித்து ரொப்பிவிடலாம். அதைத் திரையில் சொல்லாமலும் போகலாம்.

இதைவிடப் பயமாக இருப்பது வேறொன்று. நாளெல்லாம் நின்று வேலை பார்த்த கால் சாயங்காலம் வீங்கும், ராத்திரி படுத்து எழுந்தால் வடியும். சாயங்காலம் ஒரு ஸ்கேன், தைலம் தடவி மறுநாள் காலையில் இன்னொரு ஸ்கேன். ‘பாருங்கள், 150 மில்லி குறைந்திருக்கிறது’ என்று கலர் படத்தோடு பில் நீட்ட யாராலும் முடியும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு என்று யாராவது காட்டினால், இரண்டும் எத்தனை மணிக்கு எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

அளக்கவே வேண்டாமா? தாராளமாக அளக்கலாம். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள், ஒரே கருவி. வீங்காத காலையும் சேர்த்து. டெய்லர் டேப் போதும். பாதத்திலிருந்து 4 சென்டிமீட்டருக்கு ஒரு பேனாப் புள்ளி வைத்துச் சுற்றளவை நோட்டில் குறித்து வந்தால், டாக்டருக்கு அது ஒற்றை ஸ்கேனைவிட உதவும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைப்பதை எந்த ஆப்பும் உங்களுக்காகச் செய்யாது.

சில நேரம் அளக்கவே கூடாது. ஒரே கால் திடீரென்று வீங்கி, ஆடுசதையில் வலி எடுத்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108தான். குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து சூடானாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போது போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. கடையிலோ முகாமிலோ ஸ்கேன் எடுத்தால் உங்கள் உடம்பின் உருவம் அடுத்தவர் போனில் போய் உட்காருகிறது. எங்கே சேமிக்கிறார்கள், எப்போது அழிப்பார்கள், யார் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், தூக்கிச் செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.