அஞ்சாம் மாத ஸ்கேனோடு முடிவதில்லை

ஒரு காலத்தில், கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றிய கிராமங்களில் பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான். மருத்துவச்சி வயிற்றைத் தடவி, தலை இறங்கிவிட்டதா என்று சொல்வார். மற்றதெல்லாம் பிள்ளை வெளியே வந்தால்தான் தெரியும். முதுகின் அடியில் கட்டியோடு குழந்தை பிறந்தால், "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்று பெற்றவளைக் கேட்டார்கள். வலியில் கிடந்தவளுக்கு அந்தப் பழியும் சேர்ந்தது. கிரகணத்துக்கும் கட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படிப்பட்ட கட்டிகளில் ஒன்றான, வால் எலும்பில் வளரும் டெரடோமா சுமார் 35,000 முதல் 40,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும். பெண் குழந்தைகளுக்கே அதிகம். பிறக்கும்போது பெரும்பாலும் அது புற்று அல்ல. ஆனால் பெரிய கட்டி பிரசவத்தில் கிழிந்தால் இரத்தப் போக்கிலேயே குழந்தை போய்விடும்.

1958-இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு ஒலி அலையால் வயிற்றுக்குள் பார்க்க முடியும் என்று காட்டினார். இன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்ணும் 18–20 வாரத்தில், அதாவது அஞ்சாம் மாதத்தில், அனாமலி ஸ்கேன் எடுக்கிறாள். கட்டி தெரிந்தால் டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். கட்டி இரத்தத்தை இழுத்துக்கொள்ள, குட்டி இதயம் இரட்டிப்பாக உழைக்கிறது. தாங்காதபோது குழந்தையின் உடலில் நீர் கோக்கிறது. கருவிலேயே அறுவை செய்யும் அளவுக்கு மருத்துவம் வளர்ந்திருந்தாலும், பலருக்கு அது தேவைப்படுவதில்லை. அடிக்கடி ஸ்கேன் பார்த்து, கட்டி பெரிதானால் சிசேரியன் செய்து, குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் இடத்தில் பிள்ளை பெற வைப்பதுதான் வழி. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் குழந்தை அறுவைப் பிரிவு உண்டு. கட்டியோடு வால் எலும்பையும் எடுக்கிறார்கள். அதை விட்டுவைத்தால் கட்டி திரும்ப வரக்கூடும். எடுத்த பிறகும் சில ஆண்டுகள் இரத்தப் பரிசோதனை தொடரும்.

என் கவலை வேறு. "அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்கு" என்றதும் வீடு நிம்மதியாகிவிடுகிறது. இதயத்தில் வரும் ராப்டோமையோமா, அட்ரீனல் சுரப்பியில் வரும் நியூரோபிளாஸ்டோமா போன்ற கட்டிகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். அந்த நேரத்தில்தான் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். பழைய ஸ்கேன் ஃபைல் மாமியார் வீட்டு பீரோவில் தங்கிவிடுகிறது. புது ஊர் மருத்துவருக்கு ஒப்பிட முந்தைய அளவுகள் வேண்டும். வளையல் தட்டோடு அந்த ஃபைலையும் எடுத்துக் கொடுங்கள். கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு ஸ்கேன் வேண்டுமா என்று அங்கே போன முதல் வாரமே கேளுங்கள்.